எப்போவும் எவ்வளவும்

இல்லீங்ணா, பொண்ணு பாக்கப் போகலை. இதைக் கேக்கறதுல நீங்க மூணாவது ஆளு. உக்கடத்துல ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, அப்புறம் முன்னாடி சீட்டு அம்மணி திரும்பிப் பாத்து கேட்டாங்க, இப்ப நீங்க. பையில பழம் இருக்குது, தேங்கா இருக்குது, வெத்தலை இருக்குது, மல்லிப்பூ ஒரு பந்து இருக்குது. அதுக்காக? நான் ஆபீஸ் வேலையா உடுமலைக்குப் போறேனுங்ணா. சுத்தமான ஆபீஸ் வேலை. எங்க முதலாளி வீட்டு அம்மா கையில திணிச்சு அனுப்பிச்சாங்க, அவ்வளவுதான். பை உங்க கால்ல இடிக்குதுங்களா? இருங்க, சீட்டுக்கடியில தள்ளிடறேன். பூ நசுங்குனா நசுங்கிட்டுப் போகட்டும், யாரு கேக்கப் போறா.

நீங்க எங்க இறங்கோணும்? பொள்ளாச்சியா? சரி, அப்ப நேரம் இருக்குது.

பாத்தீங்களா, வாயில தானா வந்துருச்சு. நேரம் இருக்குதுன்னேன். இந்த ஒரு வார்த்தையாலதாங்ணா என்ற பொழப்பே சிரிப்பா சிரிச்சுப் போச்சு.

என் பேரு நாட்ராயன். பீளமேட்டுல ஒரு சின்ன கம்பெனியில இருக்கறேன். சாயப்பட்டறையில துணிக்குச் சாயம் ஏத்தற மிஷின் இருக்குதுங்களே, அதுக்கு மூளைப்பொட்டி பண்றோம். தண்ணி எவ்வளவு சூடாகோணும், அந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் வெச்சிருக்கோணும், எப்ப வடிச்சு விடோணும், எல்லாம் அந்தப் பொட்டி பாத்துக்கும். பொட்டிக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்குது. மேஸ்திரின்னு வெச்சுக்கங்க. நீ இப்ப வேலை செய்யி, நீ சித்தெ தூங்கு, நீ எந்திரின்னு உள்ள இருக்கற எல்லாத்தையும் மேய்க்கறது அதுதான். எங்க முதலாளி பொன்னுரங்கம் சார் இளவட்டமா இருக்கும்போது ஒத்தை ஆளா உக்காந்து எழுதுனது. மனுசன் எழுதுனது இங்கிலீசு எழுத்துல, ஆனா வெச்ச பேரெல்லாம் தமிழு. தூங்குன்னா தூங்கு. காத்திருன்னா காத்திரு. நேரம்னா நேரம். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இதைப் பாத்துட்டு சிரியா சிரிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு.

போன வருசம் என்ன ஆச்சுன்னா, அந்தப் பழைய சிப்பு வரத்து நின்னுபோச்சு. கெர்னலைப் புது சிப்புக்கு மாத்தியே ஆகோணும். வீடு மாத்தற மாதிரிதான்னு வெச்சுக்கங்க. பழைய வீட்டுல ரூமெல்லாம் சின்னது, புது வீட்டுல ரெண்டு மடங்கு. பெரிய வீடுதானே, கட்டிலு பீரோ எல்லாம் தாராளமா நுழைஞ்சுரும்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நுழையாத சாமான்னா வாசல்லயே தெரிஞ்சுரும். தாராளமா நுழையறதுதாங்ணா பின்னாடி வேலை குடுக்கும்.

இந்த மாத்தற வேலைக்கு ரெண்டே பேரு. நான் ஒருத்தன். கோகிலவாணின்னு ஒரு புள்ள. ஆமா, உடுமலைதான் அதுக்கு ஊரு. சிரிக்காதீங்ணா. ஆபீஸ் வேலைன்னு சொன்னேன்ல?

எல்லாம் மாத்தி முடிச்சு மிஷினை ஓட்டிப் பாக்கற அன்னிக்கு, பொன்னுரங்கம் சார் தன்ற வெள்ளைச் சட்டையைக் கழட்டி உள்ள போட்டாரு. எப்பவும் அப்படித்தான் பண்ணுவாரு. "என்ற மிஷினை நானே நம்பலைன்னா ஊருக்காரன் எப்படி நம்புவான்?"னு கேட்டுட்டு பனியனோட கையைக் கட்டிட்டு நிப்பாரு. லேசா சந்தனக் கலர் ஏறோணும். சூடு ஏறுச்சு. சாயம் எறங்குச்சு. காத்திருன்னு வந்துச்சு. நாங்களும் காத்திருந்தோம். காத்திருந்தோம். போய்ச் சாப்பிட்டுட்டு வந்தோம். மிஷின் இன்னும் காத்திருக்குது. திறந்து பாத்தா, சட்டை செங்கல் கலர்ல கொதிச்சுட்டுக் கிடக்குது.

சார் அந்தச் சட்டையைக் காயப்போட்டு, தேச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் அதையே போட்டுட்டு வர ஆரம்பிச்சுட்டாரு. கொடுமைங்ணா அது. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

என்ன கோளாறுன்னு கேக்கறீங்களா? சொல்றேன், ரொம்ப சுலபம். சுவத்துக் கடிகாரத்தை நினைச்சுக்கங்க. பன்னண்டு அடிச்சா அடுத்தது ஒண்ணு. மிஷினுக்குள்ள இருக்கற கடிகாரமும் அந்த மாதிரிதான், ஒரு எல்லை வரைக்கும் எண்ணிட்டு மறுபடி மொதல்ல இருந்து வரும். இப்ப மணி பதினொண்ணு. மூணு மணி நேரம் கழிச்சு எழுப்பிவிடுன்னு சொல்லிட்டுத் தூங்கறேன். பதினொண்ணும் மூணும் பதினாலு. பழைய வீட்டுல அந்த எண்ணை வெக்கற பொட்டி சின்னது, பன்னண்டுக்கு மேல அதுல இடமே இல்லை. அதனால பதினாலு தானாவே மடங்கி ரெண்டுன்னு உக்காந்துக்கும். ரெண்டு அடிச்சா மிஷின் எந்திரிச்சுக்கும். யாரும் யோசிச்சுப் பண்ணதில்லை, இடம் பத்தாம நல்லது நடந்துட்டு இருந்துச்சு. புது வீட்டுல பொட்டி பெருசு. பதினாலு பதினாலாவே காலை நீட்டிப் படுத்துருச்சு. கடிகாரம் அது பாட்டுக்கு பன்னண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு சுத்துது. மிஷின், பதினாலு அடிக்கட்டும் எந்திரிக்கறேன்னு உக்காந்திருக்குது. கடிகாரம் பதினாலு அடிக்குமா? இந்த ஜென்மத்துல அடிக்காது.

நான்தாங்ணா கண்டுபுடிச்சேன். ஒத்தை வரி. அந்த எடத்துல மடக்கி விட்டேன், சரியாயிருச்சு. நேரத்தைப் பத்தி என்னைக் காட்டிலும் யாருக்குத் தெரியும்? இத்தனை வருசமா அதைத்தானே மேய்ச்சுட்டு இருக்கேன். சாருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் குடுத்துட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம்னு இருந்தேன்.

அந்தப் புள்ள விடலை.

"நாட்ராயன், நீங்க ஒரு எடத்துல அடைச்சிருக்கீங்க. ஒழுகற எடம் இன்னும் எத்தனை இருக்குதோ"ன்னுச்சு. கோளாறு பொட்டியோட அளவுல இல்லை, பேருலன்னுச்சு. "சார் எல்லாத்துக்கும் நேரம்னு ஒரே பேரை வெச்சுட்டாரு. நாலு மணிங்கறதும் நேரம். நாலு மணி நேரங்கறதும் நேரம். மொதல்ல சொன்னது எப்போ. ரெண்டாவது சொன்னது எவ்வளவு. ரெண்டும் வேற வேற சாமான். ஒரே பொட்டியில போட்டு வெச்சா, கூட்டக்கூடாததை எல்லாம் கூட்டுவோம்."

அதனால என்ன பண்ணோணுமாம், நேரங்கற பேரையே கெர்னல்ல இருந்து எடுத்துறோணுமாம். எப்போன்னு ஒரு வகை. எவ்வளவுன்னு ஒரு வகை. எப்போவோட எவ்வளவைக் கூட்டலாம். எப்போவுல இருந்து எப்போவைக் கழிச்சா எவ்வளவு கிடைக்கும். ஆனா எப்போவையும் எப்போவையும் கூட்டுனா மிஷினுக்குப் போறதுக்கு முன்னாடியே தப்புன்னு திருப்பி அனுப்பிரும். அதோட நிக்கலை. அவசரத்துக்கு ஒரு வகையை இன்னொரு வகையா மாத்திக்கறதுக்கு எங்க தொழில்ல ஒரு குறுக்குவழி உண்டு. நாங்க எல்லாரும் அதுலதான் காலத்தை ஓட்டறோம். அந்தப் புள்ள அதையும் அடைச்சுருச்சு. "எவ்வளவு கேக்கற எடத்துல எப்போவைக் குடுத்தா, யாரு குடுத்தாலும் சரி, மாத்தி எல்லாம் வாங்கிக்க மாட்டேன்"னுச்சு.

எனக்குக் கோவம் பத்திட்டு வந்துச்சு. நேரம்னா நேரம். இதுல என்னங்ணா ரெண்டு? நல்லா ஓடற கெர்னல். அதுல நேரம்னு இருக்கற எடமெல்லாம் தோண்டி எடுத்து மாத்தறதுன்னா சும்மாவா? ஐப்பசி மழையில ஆரம்பிச்ச சண்டை, தை பொறக்கற வரைக்கும் ஓடுச்சு. ஆபீசுக்கு எதுக்கால ஒரு பேக்கரி இருக்குது. சாயங்காலம் ஆனா ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு தேங்கா பன்னு, நடுவுல சண்டை. டீ ஆறிப்போயிரும், நாங்க ஆறமாட்டோம்.

ஒருநாளு கேக்குது, "நாலு மணியையும் அஞ்சு மணியையும் கூட்டுனா என்ன வரும்?"

"ஒம்பது."

"ஒம்பது என்ன?"

"ஒம்பது மணி."

"நாலு மணிக்குப் பொறந்த மாப்பிள்ளைக்கும் அஞ்சு மணிக்குப் பொறந்த பொண்ணுக்கும் ஒம்பது மணிக்கா கொழந்தை பொறக்கும்?"

டீ ஆத்திட்டு இருந்த பேக்கரிக்காரரு கீழ ஊத்திட்டாரு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. என்ன குசும்பு பாருங்க.

அன்னிக்குத்தாங்ணா தெரிஞ்சுது. சொல்றதுக்கென்ன, நீங்க பொள்ளாச்சியில இறங்கிப் போயிருவீங்க. எனக்கு அந்தப் புள்ளைன்னா உசுருங்ணா. ஆபீஸ்ல மத்தவங்க எல்லாம் நான் என்ன சொன்னாலும் சரிங்க நாட்ராயன்னு தலையாட்டிட்டுப் போயிருவாங்க. அது ஒண்ணுதான் நின்னு சண்டை போடும். சண்டை போடறதுக்கு நடுவுல என்ற பன்னுல இருந்து பாதியைப் பிச்சுத் தின்னுபோடும், கேக்கக்கூட கேக்காது. அது லீவு போட்ட அன்னிக்கு எனக்கு முழுப் பன்னும் இருக்கும், தொண்டையில எறங்காது.

கேட்டுட்டேன். ஒருநாளு தைரியமா கேட்டே போட்டேன். "வாணி, உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க. வீட்டுல பேசட்டுங்களா?"ன்னு. டீ கிளாசைக் கீழ வெச்சுது. மழையைப் பாத்துச்சு. அப்புறம் மெதுவா, "எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க, நாட்ராயன்"னுச்சு.

அதுக்கு நான் என்ன பண்ணேன்? நேரம் கேட்டவங்களுக்கு நேரம் குடுக்கறதுதானே மரியாதை? அங்கயே செல்லை எடுத்து, ஆபீஸ் காலண்டர்ல குடுத்துட்டேன். திங்கக்கிழமை, நாலு மணி, சின்ன மீட்டிங் ரூம். ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பாத்துத்தான் குடுத்தேன். பொருள்னு ஒரு கட்டம் வரும், அதுல "கல்யாணம்: முடிவு"ன்னு போட்டேன். ரூம் காலண்டரு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்னு எனக்கு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. அதனால என்ன, ஒளிவு மறைவு எதுக்கு?

திங்கக்கிழமை நாலு மணிக்கு வந்துச்சுங்ணா, வராம இல்லை. நான் ரெண்டு டீ வாங்கி வெச்சிருந்தேன். வந்து நின்னுட்டு, "நான் நேரம் கேட்டேன். நீங்க மணி குடுத்திருக்கீங்க"ன்னுச்சு. நாலு மணி ஒத்துவரலை போலன்னு, "செவ்வாக்கிழமை பதினொரு மணிக்கு மாத்தட்டுங்களா?"ன்னு கேட்டேன். என்னையவே பாத்துச்சு. சிரிக்கற மாதிரியும் இருந்துச்சு, அழுகற மாதிரியும் இருந்துச்சு. டீயைக்கூடக் குடிக்கலை, போயிருச்சு.

அவ்வளவுதான். புடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம போயிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். நான் ஒண்ணும் வெவரம் தெரியாதவன் இல்லீங்ணா. நாளானா மறந்துரும்னு பாத்தேன், மறக்கலை. அதுக்கப்புறம் பேக்கரிக்குத் தனித்தனியா போனோம். பேக்கரிக்காரரு என்னைப் பாத்தா மட்டும் தலையைத் தலையை ஆட்டுவாரு. அவருக்கு என்ன கழுத்துவலியோ.

இப்ப என்ற கோவத்துக்கு வர்றேன். பொங்கல் முடிஞ்சு புதங்கிழமை மீட்டிங். வெளிய விடப்போற கெர்னல்ல, ரிலீஸ்னு சொல்லுவோம், அதுல எந்த மாத்தம் உள்ள போகோணும், எது போகக்கூடாதுன்னு முடிவு பண்ற மீட்டிங். சரின்னு சொல்றதும் இல்லைன்னு சொல்றதும் என்ற பொறுப்பு. சார் அந்தச் செங்கல் சட்டையில உக்காந்திருக்காரு. ஆபீஸே உக்காந்திருக்குது. அந்தப் புள்ள எனக்குத் தெரியாமயே எல்லா எடத்துலயும் நேரத்தை எடுத்துட்டு எப்போவும் எவ்வளவும் போட்டு முடிச்சுட்டு வந்திருக்குது. நான் இல்லாத நாளாப் பாத்துப் பண்ணியிருக்குது. எல்லாத்தையும் ஓட்டிக் காட்டுச்சு. ஒழுகற எடம்னு சொல்லுச்சுல்ல, ஏழெட்டு இருந்துச்சு, அது வேற விசயம். கடைசியா லேப்டாப்பை மூடுச்சு. நேரா என்னைப் பாத்துச்சு.

"நாட்ராயன், அன்னிக்கு நான் கேட்டது எவ்வளவு. நீங்க குடுத்தது எப்போ. ரெண்டும் சேராது, அதனாலதான் பதில் வரலை. பரவால்லை. எனக்கு வேணுங்கற எவ்வளவை நானே எடுத்துக்கிட்டேன். இப்ப நானே கேக்கறேன். எப்போ?"

இப்படி எல்லாரு முன்னாலயும் கேட்டா? கெர்னல்ல எப்போ சேக்கறீங்கன்னு என்னை நெருக்குது. நான் அசரலை. "இந்த ரிலீஸ்ல வாய்ப்பே இல்லீங்க. அடுத்ததுல பாக்கலாம். அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது"ன்னுட்டேன்.

ஆபீஸே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் உறுதியா நின்னதுல எல்லாருக்கும் ஒரு மரியாதை. டெஸ்டிங்ல இருக்கற ரெண்டு பொண்ணுகளும் வாயைப் பொத்திட்டு வெளிய ஓடிருச்சுக. சார் நெத்தியில படீர்னு அடிச்சுக்கிட்டாரு, அவரும் எவ்வளவு நாளாத்தான் இந்தச் சண்டையைப் பொறுப்பாரு. அந்தப் புள்ள மட்டும், "சரிங்க"ன்னு ஒரே வார்த்தை. பையை எடுத்துட்டு உடுமலைக்குப் பஸ் ஏறிருச்சு. அன்னில இருந்து போன் எடுக்கலை. நானும் கெர்னலைப் பத்திப் பேசோணும், கெர்னலைப் பத்திப் பேசோணும்னு விடாம மெசேஜ் போடறேன், ஒண்ணுக்கும் பதில் இல்லை.

இன்னிக்குக் காலையில சார் வீட்டுக்குக் கூப்பிட்டாரு. போனா, இந்தச் சட்டையைக் குடுக்கறாரு. ஆமா, நான் இப்பப் போட்டிருக்கறதுதான், கொஞ்சம் தொளதொளன்னு இருக்குதுங்களா? "நேத்து வாணியோட கெர்னலைப் போட்டு ஓட்டுனேன். பாரு, சந்தனம்னா சந்தனம். இதைப் போட்டுட்டு உடுமலைக்குப் போ"ங்கறாரு. நான் வேண்டாம்னு சொன்னதை எனக்குத் தெரியாம ஓட்டியிருக்காரு பாருங்க! அப்புறம் சொன்னாரு, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு தாராபுரத்துல இருந்து அந்தப் புள்ளையைப் பாக்க ஆளுக வர்றாங்களாமா. அவங்க அம்மா சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நீ அங்க இருக்கோணும்."

உக்காந்துட்டேன் அங்கயே. எவனோ ஒருத்தன் வந்து அந்தப் புள்ளையைப் பாக்கப் போறான். அந்த வீட்டுல அந்தச் சமயத்துல போய் நின்னுட்டு, எப்போ எவ்வளவுன்னு கெர்னல் பேசிட்டு இருக்கச் சொல்றாரே, அவருக்கு மனசாட்சி இருக்குதா? "சார், அங்க போய் நான் என்னத்தைப் பேச?"ன்னேன். "அதையேதான் பேசோணும். எப்போன்னு கேட்டுச்சுல்ல, அதுக்குப் பதிலைச் சொல்லோணும். வேற ஒரு எழவும் பேசிராத"ங்கறாரு. லேப்டாப்பையும் புடுங்கி வெச்சுக்கிட்டாரு! லேப்டாப் இல்லாம எப்படிங்ணா கெர்னல் பேசறது? சார் வீட்டு அம்மா இந்தப் பையைக் கொண்டாந்து குடுத்து, நெத்தியில திருநீறு வெச்சு, "வலது காலை எடுத்து வெச்சு உள்ள போ, சாமி"ங்கறாங்க. அவங்க வேற கண்ணு கலங்குறாங்க. ஒரு ரிலீசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எந்தக் கம்பெனியிலயாவது உண்டுங்களா?

ஏனுங்ணா, என்னாச்சு? எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? பொரை ஏறிருச்சா? தண்ணி குடிங்க, இந்தாங்க. முன்னாடி சீட்டு அம்மணியும் சிரிக்கறாங்க. நீங்களும் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா?

என்னது? மறுக்கா சொல்லுங்க.

இல்லீங்ணா, அது கெர்னலைப் பத்திக் கேட்டது. வேற என்ன கேக்கப்போகுது? "அன்னிக்கு நான் கேட்டது எவ்வளவு." ஆமா, எவ்வளவுங்கறது ஒரு வகை. அன்னிக்குன்னா... அன்னிக்கு பேக்கரியில, மழையில... அது நேரம்தான் கேட்டுச்சு. கொஞ்சம் நேரம்னா... யோசிக்கறதுக்குங்களா? அப்ப அது எவ்வளவுங்களே. நான் நாலு மணின்னு குடுத்தேன். நாலு மணி எப்போங்களே.

"எனக்கு வேணுங்கற எவ்வளவை நானே எடுத்துக்கிட்டேன்."

அட சாமி.

"இப்ப நானே கேக்கறேன். எப்போ?"

அய்யோ! அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேனுங்ணா! உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டேன்! அத்தனை பேரு முன்னால அது வாயைத் திறந்து கேட்டிருக்குது, நான்... அந்தப் பொண்ணுக வாயைப் பொத்திட்டு ஓடுனது... பேக்கரிக்காரரு தலையை ஆட்டுனது... ஏனுங்ணா, அப்ப ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியலை! இந்தத் தேங்கா, வெத்தலை... அட, மண்டையில என்னத்தை வெச்சுட்டு இருந்தேன் நான்!

மணி என்ன? மூணேகாலா? அஞ்சு மணிக்கு அந்த தாராபுரத்துக்காரன் வந்துருவானே. இந்த டிரைவரு ஏன் இப்படி உருட்டறாரு? கண்டக்டர்! கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க! சிரிக்காதீங்க எல்லாரும்.

போன் பண்ணா எடுக்காதுங்ணா. கெர்னல் கெர்னல்னு போட்டே கடுப்பேத்தி வெச்சிருக்கேன். என்ன பண்ண? நீங்க சொல்லுங்க. மெசேஜா? என்னன்னு போட? சரி. சரி, அதையே போடறேன். "நீங்க எப்போன்னு கேட்டீங்க. நீங்க எப்போ சொன்னாலும் எனக்குச் சரி. பதிலை நேர்ல சொல்லத்தான் வந்துட்டு இருக்கேன். கெர்னலைப் பத்தி இல்லை." அந்தக் கடைசி வரி வேணுமுங்களா? வேணுமா. சரி, போட்டுட்டேன்.

பாத்துருச்சு. பாத்துட்டேன்னு காட்டுதுங்ணா. ஒண்ணும் எழுதலை. ஒண்ணுமே எழுதலை.

பொள்ளாச்சி வந்துருச்சு, நீங்க இறங்கலீங்களா? உடுமலை வரைக்குமா? உங்களுக்கு வேலை கெட்டுப் போகுமேங்ணா. இல்லை, இருங்க, இருங்க, நல்லாப் போச்சு, எனக்கும் கையைக் காலைப் புடிச்சு நிறுத்த ஒரு ஆளு வேணும். முடிவு தெரியாமத் தூக்கம் வராதா உங்களுக்கு? எனக்கும் அதேதாங்ணா. டிக்கெட்டு நான் எடுத்துக்கறேன்.

அடிக்குது! அதுதான், அதுதான் கூப்பிடுது! சத்தம் போடாதீங்க.

ஹலோ... வாணி... ஆமாங்க, நான்தான்... பஸ்லதாங்க, பொள்ளாச்சி தாண்டிட்டேன்... இல்லீங்க, சார் அனுப்பிச்சதுதான், ஆனா இப்ப நானாத்தான் வர்றேன்... அதுங்களா... எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது... ஆமா, இப்பத்தான்... பக்கத்துல ஒரு அண்ணன் சொன்னாரு... ஆமாங்க, யாருன்னே தெரியாது... என்னங்க?... நாலரைக்கு... ஹலோ? வாணி?... ஹலோ?... சரிங்க. சரிங்க. வெச்சுடறேனுங்க.

இருங்ணா, மூச்சு விட்டுக்கறேன்.

அவங்க அம்மா தாராபுரத்துக்காரங்களை நேத்தே வரவேண்டாம்னு சொல்லிட்டாங்களாமா. அந்தப் புள்ள சொல்லச் சொல்லிருச்சாமா. சார் அது தெரிஞ்சேதான் என்னைத் துரத்தி விட்டிருக்காரு. அடுத்த ரிலீஸ் வரைக்கும் காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஊருக்கே வந்துச்சாமா. கேட்டீங்களா? காத்திருக்கறதுன்னு! பதினாலு அடிக்கட்டும்னு உக்காந்திருந்திருக்குதுங்ணா, எனக்காக.

அப்புறம் கேட்டுச்சு, "இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் என்ன சொன்னேன், நீங்களே கேட்டீங்க. நாலரைக்குன்னேன்.

ஹலோ ஹலோன்னு கத்தறேன். எனக்கு உசுரே போச்சு. எவ்வளவுன்னு கேட்டிருக்குது, மறுபடியும் எப்போவைக் குடுத்துட்டேன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் பாத்தா சிரிக்குது. விழுந்து விழுந்து சிரிக்குது. அத்தனை ஃபைலுலயும் ஒரு எடத்துலகூட மாத்தி வாங்கமாட்டேன்னு நின்ன புள்ளைங்ணா அது. சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுது, "பரவால்லைங்க, வாங்க. இந்தத் தடவை நானே மாத்திக்கறேன்."

அண்ணா, உங்க காலுக்கடியில இருக்கற அந்தப் பையைக் கொஞ்சம் மெதுவா எடுங்க. பூ நசுங்கிருச்சான்னு பாக்கோணும்.